வெயிலும் சுமைதான்

2017 மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்கான புதிய விதிகளை வெளியிட்டது. சந்தையில் விற்கும் மாடு அறுப்புக்குப் போகக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. பசு புனிதம் என்று ஒரு தரப்பும், என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன் என்று இன்னொரு தரப்பும் மேடைக்கு மேடை மோதின. ஆனால் அதே விதிகளில் வேறு பலவும் இருந்தன. சந்தைக்கு வரும் மாட்டுக்குத் தண்ணீர், தீவனம், கொட்டகை, வழுக்காத தரை, வண்டியிலிருந்து இறங்கச் சாய்தளம் ஆகியவை வேண்டும் என்றார்கள். சூடு போடக் கூடாது, காதறுக்கக் கூடாது என்றார்கள். இவற்றைப் பற்றிப் பொதுமேடைகளில் பேச்சே எழவில்லை என்று சொல்லிவிடலாம். மாட்டின் கடைசி நாளுக்காக நாடே சண்டையிட்டது. அதற்கு முந்தைய நாட்களைக் கேட்பாரில்லை.

கடைசி நாளை மட்டும் அறத்தின் களமாக்கியதில் இரு தரப்பும் தவறிவிட்டன என்பது என் கருத்து. இந்த மண்ணில் எந்த மாட்டைப் பிறக்க வைப்பது என்று தீர்மானிக்கும்போதே மாட்டிடம் நமக்குள்ள கடமை தொடங்கிவிடுகிறது. இறைச்சிக்கு வளர்த்தாலும் பாலுக்கு வளர்த்தாலும் வண்டிக்கு வளர்த்தாலும் அந்தக் கடமை ஒன்றுதான். இதைப் பேச மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. மாங்குளம், ஆனைமலை, கீழக்குயில்குடிச் சமணமலை என்று நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய இடங்கள் உள்ளன. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். கொல்லாமையை இவ்வளவு கறாராகப் பேசிய சமயம் வேறில்லை. அதன் அடிப்படை நூல்களில் ஒன்றான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து என்கிறது. கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, தீனியும் தண்ணீரும் மறுப்பது ஆகியவையே அவை. இந்த ஐந்தும் உயிரோடு இருக்கும் பிராணியை வைத்திருக்கும் விதத்தைப் பற்றியவை. வீட்டில் மாடு கட்டியிருப்பவரின் கொல்லாமையை அந்த முனிவர்கள் தொழுவத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள்.

ஐந்தில் நான்காவதை எடுத்துக்கொள்வோம். வண்டியில் ஏற்றும் மூட்டை மட்டும்தானா சுமை? ஐரோப்பியக் குளிரில் உருவான மாட்டினங்கள் 25 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் அவற்றுக்குப் பாடு. மதுரையில் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மாட்டின் முதல் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போதே சூடு பிறக்கிறது. பால் கூடக்கூட அந்தச் சூடும் கூடுகிறது. உள்ளே எரியும் சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நிற்கும் உயர்ரகக் கலப்பின மாட்டைப் பிற்பகலில் கவனித்தால் தெரியும். அது படுக்காது, அசைபோடாது. கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி, வாயோரம் நுரை ஒழுக, விலா அடித்துக்கொள்ள மூச்சிரைக்கும். தீனியைக் குறைத்துக்கொள்ளும், சினை தங்காது, உண்ணிக் காய்ச்சல் வந்தால் எளிதில் சாயும். திமிலுள்ள நம் மாட்டின் உடம்பு வேறு கணக்கில் அமைந்தது. வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. தளர்ந்த தோலும் தொங்கும் அலைதாடியும் சூட்டை வெளியேற்றப் பரப்பு தருகின்றன. குட்டையான, வழவழப்பான மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. உடம்பு உண்டாக்கும் சூடே குறைவு. ஒரு உடம்புக்கு இயல்பாக இருக்கும் மதியம் இன்னொரு உடம்புக்குத் தண்டனையாகிறது. அந்தத் தண்டனையை விதித்தது வெயில் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த உடம்பைத் தேர்ந்தெடுத்து இங்கே நிறுத்தியவர் நாம்தான்.

இந்த உண்மையை வெளிநாட்டு இறைச்சி மாட்டுப் பண்ணைக்காரர்கள் நமக்கு முன்பே செயலில் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் தெற்குக் கரையோரத்தில் ஐரோப்பிய மாடுகள் வெக்கையிலும் உண்ணியிலும் தவித்தபோது, இந்தியாவிலிருந்து போன ஓங்கோல், கிர் முதலிய மாடுகளின் கலப்பில் ‘பிராமன்’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். டெக்சாஸின் கிங் பண்ணை அந்த ரத்தத்தை ஷார்ட்ஹார்னோடு சேர்த்து வளர்த்த சாந்தா கெர்ட்ருடிஸ் 1940-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. பிரேசிலின் இறைச்சி மந்தைகளில் பெரும்பகுதி நெலோர். நம் நெல்லூரின் பெயரைச் சுமக்கும் ஓங்கோல் வழி மாடு அது. அவர்கள் இந்த மாட்டைக் கும்பிடவில்லை. லாபத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கருணையால் செய்யாத காரியத்தில் அறம் உண்டா என்று கேட்கலாம். செய்தவரின் புண்ணியக் கணக்கில் அது சேராமல் போகலாம். ஆனால் நிழலில்லாத புல்வெளியில் மூச்சு வாங்காமல் மேயும் மாட்டுக்கு அதன் பயன் முழுமையாகவே கிடைக்கிறது. கும்பிடும் நாமோ, மாட்டின் உடம்பு சொல்வதைக் கேட்காமல் லிட்டர் கணக்கைக் கேட்டோம்.

‘அறுக்கப்போகும் மாட்டுக்கு வெயில் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன’ என்பது முதல் எதிர்வாதம். திருவள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. வாங்குபவரே கொலைக்குக் காரணம் என்பது புலால் மறுத்தல் அதிகாரத்தின் நிலைப்பாடு. அப்படியிருக்க, இறைச்சிக்கு ஏற்ற இனம் எது என்று பேசுவதே கொலைக்கு வசதி செய்து தருவதாகாதா என்று அவர்கள் கேட்கிறார்கள். வள்ளுவரின் அந்தத் தர்க்கம் பலமானது. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பால் வாங்குபவருக்கும் அந்தத் தர்க்கம் பொருந்துகிறது. பசு பால் கறக்க வேண்டுமானால் கன்று போட வேண்டும். பாதிக்குப் பாதி காளங்கன்று. நாட்டுக் காளங்கன்றுக்கு ஏர், வண்டி, வாடிவாசல் என்று ஏதோ ஒரு வாழ்வு இருந்தது. ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளங்கன்றுக்கு உழவும் இல்லை, ஜல்லிக்கட்டும் இல்லை. பால் கொடுக்காமல் வாட விடுகிறார்கள், அல்லது கிடைத்த விலைக்குத் தரகரிடம் தள்ளுகிறார்கள். இறைச்சியைத் தொடாத வீட்டின் காலைக் காப்பியிலும் அந்தக் கன்றுக்கு ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டினம் கிடையாது. பாலும் உழைப்பும் தந்து ஓய்ந்த மாடும் வேண்டாத கன்றும்தான் அடிமாடாகின்றன. எனவே உண்பவரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. சாவு ஒரு கணம், வாழ்வு பல ஆயிரம் மதியங்கள். கணத்தைப் பற்றி நமக்குள் ஒத்துவராவிட்டாலும், மதியங்களைப் பற்றி ஒத்துப்போகத் தடையில்லை.

‘பசுவைப் பற்றி இப்படிப் பேசுவதே பாவம்’ என்பார்க்கு வரலாற்றிலிருந்தே பதில் உண்டு. அகநானூற்றில், ஆநிரை கவர்ந்த மழவர் தெய்வம் உறையும் வேம்பின் அடியில் கொழுத்த பசுவைப் பலியிட்டு, புழுக்கி உண்ட செய்தி வருகிறது. பக்தியும் இறைச்சியும் அந்த மரத்தடியில் சேர்ந்தே இருந்தன. பிற்கால மதுரை வேறொரு மதிப்பை வளர்த்துக்கொண்டது; கோயில் காளை இறந்தால் மாலையிட்டு, ஊர் கூடி அடக்கம் செய்கிற மதிப்பு அது. இரண்டும் இந்த மண்ணின் மரபுதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொண்டவரை இழிவுபடுத்த யாருக்கும் உரிமையில்லை. மாட்டுக்கறி தின்றதற்காகவே மனிதரை ஒதுக்கிய கொடுமையும் இந்த மரபுக்குள் இருக்கிறது. அதைக் கருணையின் பெயரால் யாரும் மூடி மறைக்க வேண்டாம். புனிதம் என்ற உணர்வு எருமையைத் தொடுவதேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கருத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமைக்கு வெயிலில் நீரில் கிடப்பதுதான் மருந்து. கண்மாய்கள் வற்றி, மேடாகி, வீட்டுமனையான மதுரையில் அது எங்கே போய்ப் படுக்கும்? அதற்காக எந்த ஊர்வலமும் நடக்கவில்லை.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் ஏழையின் பக்கமிருந்து வருகிறது. இரண்டு கலப்பின மாட்டை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்ணிடம் போய், கன்றுக்கே சரியாய்ப் போகும் பால் தரும் நாட்டு மாட்டுக்கு மாறச் சொல்வது அறமா? அல்ல. பசியைத் தீர்ப்பதே ஜீவகாருண்யத்தின் முதற்படி என்று வடலூரில் 1867-இல் அடுப்பு மூட்டிய வள்ளலாரின் வழியில் யோசித்தால், அந்தப் பெண்ணின் பசிதான் முதலில் நிற்கும். கலப்பே கூடாது என்பது என் வாதமில்லை. இனத் தூய்மையை வழிபடும் எண்ணமும் எனக்கில்லை. சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைக்கு ஃபிரீசியன், அயல் ரத்தம் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று தமிழக இனப்பெருக்கக் கொள்கையே வரம்பு கட்டியிருக்கிறது. வெயில் தாங்கும் திமில்வழி ரத்தம் உடம்பில் பாதியாவது இருக்கட்டும் என்பதே அதன் பொருள். எந்த ஊசி போடுகிறார்கள் என்று தெரியாமல் சினை ஊசிக்கு மேல் சினை ஊசி போடும்போதுதான் அந்த வரம்பு உடைகிறது. அதன் விலையை மருந்துச் செலவாகவும் சினை தங்காத மாதங்களாகவும் கடைசியில் கட்டுவது அந்தப் பெண்தான்.

இந்தச் சமவெளிக்கென்றே உருவான மாடும் இன்னும் இருக்கிறது. மானாமதுரைப் பக்கத்து ஊரின் பெயரைக் கொண்ட புலிக்குளம் மாட்டை, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. சின்ன உடம்பு, கெட்டிக் குளம்பு, சாம்பல் நிறப் பசு, கருத்த காளை. மதுரை, சிவகங்கை வட்டாரத்தில் கிடை மாடாகவே அது வாழ்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் பகலெல்லாம் தாளடி மேய்ந்து, இரவில் விவசாயி கேட்ட நிலத்தில் கிடை கிடக்கும். விடியும்போது அந்த நிலம் முழுக்கச் சாணமும் கோமியமும் ஊறியிருக்கும்; கிடைக்காரருக்கு அதற்கான கூலி. பால் கறப்பது அபூர்வம், கன்றுக்கே விட்டுவிடுவார்கள். 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கம் மைதானத்திலும் திரண்டவர்கள் இந்த இனத்தின் பெயரைச் சொன்னார்கள். ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்ட அந்த ஆண்டின் சட்டத் திருத்தமும் நாட்டு மாட்டினங்களைக் காப்பதை நோக்கமாகச் சொன்னது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. ஆனால் வாடிவாசல் காளை மட்டும் இனமாகிவிடாது. கிடையில் இருக்கும் பசுவுக்கு மேய்ச்சல் புறம்போக்கும் கண்மாய்க் கரையும் வேண்டும். கழித்துவிடும் மாட்டுக்கு ஏதோ ஒரு விலை கிடைத்தால்தான் கிடைக்காரர் மீதி மந்தையைக் காப்பாற்ற முடியும். பத்து வயதைத் தாண்டி, உழைக்கவும் இனம் பெருக்கவும் இயலாத மாட்டைச் சான்றிதழோடு அறுக்கத் தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தபோது, அதைச் செய்தவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். பசுவதைக்கு 1976-இல் வந்த அரசாணைத் தடைக்குப் பிறகு மாடு லாரியில் நெரிசலாக ஏறிக் கேரளம் போகும் வழியில்தான் அந்த விலை கிடைக்கிறது. அந்த லாரிப் பயணமும் உமாஸ்வாதியின் பட்டியலுக்குள் அடங்கும்.

மாடு வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாலுக்கோ இறைச்சிக்கோ, காலையில் போய்ப் பார்த்து விலை பேசாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த மாட்டின் முன்னால் நின்று, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். வாய் திறந்து மூச்சிரைத்தால் விட்டுவிடுங்கள். அசைபோட்டபடி படுத்திருந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கொட்டகைமேல் தென்னங்கீற்றாவது பரப்பி, தொட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்துங்கள். சினை ஊசி போட வருபவரிடம் அது எந்த இனத்தின் விந்து என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே போடச் சொல்லுங்கள்.