நாவின் ஆசை பாவமா?

மாலை ஏழு மணி. சந்திக் கடையில் கொத்துரொட்டி போடும் தகட்டுச் சத்தம் தெருவெங்கும் கேட்கின்றது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு குடும்பத் தலைவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தமும் உண்டு. கோதுமை மா, எண்ணெய், உப்பு மூன்றையும் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரண்டு கிழமை கட்டுப்பாடாக இருந்தார். மூன்றாம் கிழமை கடைக்குள் ஒதுங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வந்து, “இண்டைக்குப் பசிக்கேல்லை” என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி விடயத்தை அறிந்துகொண்டார். சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் தானே வீட்டில் கொத்துரொட்டி போட்டுக் கொடுத்தார். எண்ணெய் குறைவு, மரக்கறி கூட. வீட்டிலிருந்த மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “நாக்கை அடக்கப் பழக்காமல், நாக்குக்கு வேஷம் போட்டுக் காட்டுறியோ, பிள்ளை?” என்று கேட்டார்.

இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆசையை வெல்ல வேண்டியவனுக்கு அந்த ஆசையின் சாயலில் உணவு கொடுப்பது சரிதானா?

தலையான பாவங்கள் ஏழினுள் போசனப்பிரியமும் ஒன்று என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். ஆனால் உணவில் ஆசை எழுவதெல்லாம் போசனப்பிரியம் ஆகாது. அறிவின் ஒழுங்கை மீறிய ஆசையே போசனப்பிரியம் என்று 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். வாசனை மூக்கில் பட்டதும் வாயூறுவது உடலின் இயல்பு. அதற்கு இணங்குவதா இல்லையா என்று மனம் தீர்மானிக்கும் இடத்திலேதான் பாவமும் புண்ணியமும் தொடங்குகின்றன. ஆகவே ஆசை வந்ததற்காக நோயாளி வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தவக்காலத்தில் நாம் பிடிக்கும் ஒருசந்தி நாமாக விரும்பி ஏற்பது. நாற்பது நாள் கழிய உயிர்ப்புப் பெருவிழா வந்துவிடும். நோயாளியின் பத்தியமோ அவர் கேட்டு வந்ததல்ல. அதற்கு முடிவு நாளும் இல்லை. நாற்பது நாளைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். நாற்பது வருடத்துக்கு அப்படி இருக்க எத்தனை பேரால் முடியும்? வெறும் அடக்குதல் ஒருநாள் உடையும். உடையும்போது, நாம் கண்ட குடும்பத் தலைவரைப் போல, ஒளிப்பும் பொய்யும் கூடவே வந்துசேரும்.

போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம். இதன் அளவுகோல் என்ன? வாழ்வின் தேவையே என்கிறார் அக்குவினாஸ். உடல்நலத்துக்குத் தடையாக இல்லாத இன்பத்தை, இடமும் காலமும் அறிந்து அளவோடு அனுபவிப்பதை அவர் தடுக்கவில்லை. இயற்கையான இன்பத்தை முற்றாக வெறுப்பதையும் ஒரு குறையாகவே அவர் கருதினார். இந்த அளவுகோலை வைத்து அந்த மனைவியின் தாச்சியைப் பார்ப்போம்.

அவர் செய்தது இதுதான். ஆளுக்கு ஓர் ஆட்டாமா ரொட்டி மட்டும். அதைப்போல இரண்டு மடங்கு லீக்ஸ், கோவா, கரட், போஞ்சி. தோல் நீக்கிய கோழியிறைச்சி சிறிதளவு, ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். போத்தலில் விற்கும் சோயா சோஸை விட்டுவிட்டார். அதில் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அதற்குப் பதிலாக வீட்டு மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, கடைசியில் தேசிக்காய்ப் புளி. கொத்தின் வாசம் பெரும்பாலும் சூடேறிய தகட்டில் வதங்கும் வெங்காயத்திலும் கறிவேப்பிலையிலும் இருந்தே வருகின்றது. அதற்கு நாலு ரொட்டி வேண்டியதில்லை. மரக்கறியின் நார்ச்சத்து இரத்தத்தில் சீனி விரைவாக ஏறுவதையும் தணிக்கும்.

இது வேஷமல்ல. நாக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. உப்புக் குறைவுக்குச் சில கிழமைகளில் நாக்குப் பழகிவிடும். பிறகு கடைச் சாப்பாடே உப்புக் கரிப்பதாகத் தோன்றும்.

ஆனாலும் மாமியாரின் எச்சரிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. “வீட்டில் செய்ததுதானே” என்று இரண்டாம் கோப்பை நிரப்பினால் பழைய ஆசை புதிய சட்டை போட்டு வந்திருக்கிறது என்பதே பொருள். குரக்கன் மாவும் மாவே. அதற்கும் அளவு உண்டு. நல்ல பெயருள்ள உணவை அளவின்றி உண்பதும் போசனப்பிரியந்தான்.

மற்றொன்று, சமைப்பவரின் களைப்பு. தாவீது அரசன் ஒருமுறை பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டான். மூன்று வீரர் எதிரிகளின் பாளையத்தை ஊடறுத்துச் சென்று அதைக் கொண்டுவந்தனர். தன் ஆசைக்காகப் பிறர் உயிரையே பணயம் வைத்ததை உணர்ந்த அவன், அதைக் குடிக்க மனமின்றி ஆண்டவருக்கென நிலத்தில் வார்த்தான். சாமுவேல் இரண்டாம் நூலின் 23ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். நம் ஆசையின் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க அவனுக்குத் தெரிந்திருந்தது. மனைவி நாள் முழுதும் உழைத்துவிட்டுக் குசினியில் இரண்டாவது சமையலுக்கு நிற்கும்போது, கணவன் லீக்ஸ் அரிந்து கொடுத்தால் என்ன? பிள்ளைகளும் அதே கொத்தைச் சாப்பிட்டால் என்ன? ஒருவருக்குப் பத்தியமும் மற்றவர்களுக்கு விருந்துமாக மேசை பிரிந்திருக்கும் வீட்டில் நோயாளி தனித்துப்போகிறார். ஒளித்துச் சாப்பிடும் எண்ணம் அந்தத் தனிமையிலேதான் முளைக்கிறது.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். ஆலயத்தைப் பராமரிப்பது ஓராளின் வேலையல்ல. பங்கு மக்கள் எல்லோருக்கும் அதில் பொறுப்புண்டு. நம் வீட்டில் யாருக்காவது பத்தியம் இருந்தால், இன்றிரவு அவருடைய கோப்பையில் இருப்பதையே நாமும் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் அமர்ந்து உண்போம்.