நொய்யலுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்

கொங்கு மண்ணின் மக்களே, கால்பந்தை உயிராக நினைக்கும் பிள்ளைகளே, அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, கேளுங்கள். காலம் குறைவு, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாம் நேசிக்கும் விளையாட்டு நாம் குடிக்கும் தண்ணீருக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன் வருடா வருடம் ஏறுகிறது. அதை அடைக்க வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆடுகிறவர்கள் நாம், பார்க்கிறவர்கள் நாம், ஜெர்சி தைக்கிறவர்கள் நாம், மைதானம் கட்டுகிறவர்களும் நாம்.

2019 மார்ச் 9-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஆடியது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணி கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி, தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம் நம் ஊரில் வைத்துக் கிடைத்தது. கல்கத்தாவையும் கோவாவையும் பார்த்து ஏங்கிய ஊருக்கு அது எவ்வளவு பெரிய நாள்! அந்த கிளப் இன்று களத்தில் இல்லை. ஆனால் ஆசை அப்படியே இருக்கிறது. இன்றோ நாளையோ இன்னொரு கிளப் வரும், இன்னொரு கோப்பை வரும். வரட்டும், வரவேற்போம். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: வருகிறவர்களிடம் இந்த ஊர் என்ன நிபந்தனை கேட்கப் போகிறது?

நிபந்தனை கேட்க முடியும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் நெய்ல்ஸ்வொர்த் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் பெரிய கோப்பைகள் எதையும் வென்ற கிளப் அல்ல. 2010-ல் டேல் வின்ஸ் என்பவர் பொறுப்பேற்ற பிறகு, புல்லுக்கு ரசாயன உரம் போடுவதை நிறுத்தினார்கள். மைதானத்தில் விழும் மழைநீரைச் சேமித்து அதே புல்லுக்குத் திருப்பினார்கள். வீரருக்கும் ரசிகருக்கும் இறைச்சியும் பாலும் இல்லாத சாப்பாடு போட்டார்கள். 2018-ல் ஐ.நா. அந்த கிளப்பைக் கரிமச் சமநிலை பெற்றதாக அங்கீகரித்தது. 2022-ல் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே போனார்கள். 2024-ல் லீக்கிலிருந்தே கீழே இறங்கினார்கள். ஏறினபோதும் இறங்கினபோதும் கொள்கையை விடவில்லை. எனக்கு அந்த கிளப்பில் பிடித்தது அதுதான். ஜெயிக்கும்போது மட்டும் பேசுகிற நல்லொழுக்கம் நல்லொழுக்கமே இல்லை.

பெரிய கிளப்புகளும் அசைந்திருக்கின்றன. 2021 செப்டம்பரில் டாட்டன்ஹாமும் செல்சியும் மோதிய ஆட்டத்தைக் கரிம உமிழ்வே மிஞ்சாத ஆட்டமாக நடத்த முயன்றார்கள். காரில் வராதீர்கள், ரயிலில் வாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மைதானத்து விளக்கு எரிக்கிற மின்சாரத்தைவிட, ரசிகர்கள் வந்துபோகிற வண்டிப் புகைதான் பெரும்பாலும் பெரிய பாவம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐ.நா. 2018 டிசம்பரில் விளையாட்டு அமைப்புகளுக்கென்றே ஒரு பருவநிலை உடன்பாட்டைத் தொடங்கியது. சீமை எதற்கு, வாளையாறு தாண்டினால் போதும். 2015-ல் கேரளம் தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கை மைதானங்களிலிருந்து விலக்கப் பசுமை நெறிமுறை என்று ஒன்றை வகுத்து நடைமுறைப்படுத்தியது. பக்கத்து வீட்டுக்காரரால் முடிந்தது நம்மால் முடியாதா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு டர்ஃபில் ஆடிவிட்டு வருகிற பையனின் ஷூவை வாசலில் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்பாக, கடுகளவில், குருணை குருணையாகக் கொட்டும். கையில் எடுத்து நசுக்கினால் நசுங்காது. மோந்து பார்த்தால் டயர் வாடை அடிக்கும். பெரும்பாலும் அது பழைய டயரை அரைத்தெடுத்த ரப்பர்தான். பிளாஸ்டிக் புல் சாயாமல் நிற்பதற்காகவும், விழுகிறவனுக்கு அடிபடாமல் இருப்பதற்காகவும் அதைக் கொட்டுகிறார்கள். காலுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது குளியலறைச் சாக்கடையில் போகிறது. மழை அடித்தால் மிச்சம் வலையோரமாக ஒதுங்கி, கோடு போட்டாற்போல் வடிகாலுக்குள் இறங்குகிறது. வடிகால் எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நகரத்தின் பெரும்பகுதி வடிகால் சங்கனூர்ப் பள்ளத்தில் விழுந்து, சிங்காநல்லூர்க் குளத்துக்கும் நொய்யல் ஆற்றுக்கும் போய்ச் சேருகிறது. அந்தத் தண்ணீரை நம்பி மீன் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, கீழே கிணறுகள் இருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் இந்தக் குருணை உள்பட வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. மைதானங்களுக்கு எட்டு ஆண்டு அவகாசம்; 2031-க்குப் பிறகு அங்கே இதை விற்க முடியாது. அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவது மலிவு விலையில் எங்கே வந்து குவியும் என்று யோசியுங்கள். அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. ரப்பருக்கு மாற்றாக அங்கே சில மைதானங்களில் தக்கைத் தூளும் தேங்காய் நாரும் போடுகிறார்கள். தேங்காய் நார்! பொள்ளாச்சிச் சாலையில் போகிறவர்கள் நார் ஆலைகளைப் பார்க்காமல் போக முடியுமா? மருந்தைக் கொல்லையில் வளர்த்துக்கொண்டு நஞ்சைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

டர்ஃப் நடத்துகிற தம்பிமாரே, உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் பேசவில்லை. கடன் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள், தெரியும். தெருவில் ஆட இடமில்லாத பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் தெரியும். ஆனால் வடிகால் வாயில் ஒரு வலைப்பெட்டி வைக்க என்ன தடை? வெளியே போகிற வழியில் ஷூ தட்ட ஒரு மிதியடி போட என்ன தடை? சில வருடம் கழித்து அந்தப் பிளாஸ்டிக் புல்லைப் பெயர்த்தெடுக்கும் நாள் வருமே, அன்று அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று இன்றே முடிவு செய்ய என்ன தடை?

எங்கே போடுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குதான். சுமார் 650 ஏக்கர். ஊர் முழுவதும் வேண்டாமென்று கழித்ததெல்லாம் அங்கே ஒரு சில கிராமத்து மக்களின் மூக்கின்கீழ் கிடக்கிறது. 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. சன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகளை வைத்திருந்த வீடுகள் அங்கே உண்டு. நாம் வாங்கி எறிந்த தண்ணீர் பாட்டில் அந்தப் புகையில் இருந்தது. டோர்னமென்ட்டுக்கு நாம் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் அந்தப் புகையில் இருந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நாம் அச்சடித்த ஜெர்சியும் அந்தப் புகையில் இருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, மனம்தான் வரவில்லை.

ஜெர்சி என்று சொன்னேன். அதைப் பற்றிக் கொங்கு மக்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? உலகத்தின் பெரிய கிளப்புகள் ஒரு சீசனுக்கு மூன்று விதச் சட்டை இறக்குகின்றன: சொந்த ஊருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொருந்தாத நாளுக்கு ஒன்று. அடுத்த வருடம் மூன்றும் பழசு. 2010 உலகக் கோப்பைக்கு நைக்கி நிறுவனம் ஒரு சட்டைக்கு எட்டு பாட்டில் வரை மறுசுழற்சி செய்து தைத்ததாக அறிவித்தது. அந்த வித்தை நம்மிடமும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து சென்ற நீல மேலங்கியின் துணி, கரூர் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம் பாட்டிலிலிருந்து உருவாக்கியது. பெருமைதான். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பாட்டிலில் செய்த சட்டையும் துவைக்கத் துவைக்க இழை உதிர்க்கும். அந்த இழையும் தண்ணீருக்குத்தான் போகும். மூன்றாவது சட்டையைப் பாட்டிலில் செய்வதைவிட, மூன்றாவது சட்டையை வாங்காமல் இருப்பதுதான் அறம். திருப்பூருக்கு ஆர்டர் குறையுமே என்று கேட்பீர்கள். குறைவாகத் தைத்து, நீண்ட நாள் உழைக்கிற துணிக்கு நியாய விலை கேட்கிற துணிவு நமக்கு வரட்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரைவிட யார் அறிவார்? 1990-களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அதில் தேங்கியது சாயத் தண்ணீர். அணை கட்டினால் தண்ணீர் விடுங்கள் என்று உழவர்கள் கேட்பதுதான் வழக்கம். தயவுசெய்து விடாதீர்கள் என்று உழவர்கள் கெஞ்சிய அணை இது. கிணறு கெட்டது, தென்னை காய்ந்தது, மாடு குடிக்க மறுத்தது. வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, கேட்கவில்லை. 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கேட்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அத்தனையையும் இழுத்து மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. தொழிலாளி மூட்டை கட்டி ஊருக்குப் போனான். ஆர்டர் கைமாறியது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கு எடுக்கும் முறை நிலைபெற்றது. இன்று அதை உலகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறோம். காட்டலாம். ஆனால் முதல் எச்சரிக்கையிலேயே செய்திருந்தால் எத்தனை கிணறு பிழைத்திருக்கும், எத்தனை அடுப்பு அணையாமல் இருந்திருக்கும்!

அந்தத் தவறை மைதானத்தில் மறுபடி செய்யாதீர்கள். நீதிமன்றம் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆறு வறண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பேசி மாளாத ஊர் இது. 2017 கோடையில் அதே சிறுவாணி அணை வற்றிப்போய், குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதும் இதே ஊர்தான். அப்படிப்பட்ட ஊரில் குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு விடுவது அதர்மம். உக்கடத்தில் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மைதானத்துப் புல்லுக்குச் சுத்திகரித்த நீர் போதும்.

மில் நடத்துகிறவர்களே, பம்ப் செய்கிறவர்களே, நாடு முழுவதும் கிணற்றில் தண்ணீர் இறைக்க இயந்திரம் செய்து கொடுத்த கைகள் உங்களுடையவை. அணிக்கு ஸ்பான்சர் பண்ணுங்கள் என்று உங்களிடம்தான் வருவார்கள். பணம் கொடுங்கள், கூடவே நிபந்தனை எழுதிக் கொடுங்கள். ஃப்ளெக்ஸ் கூடாது. தண்ணீர் பாட்டில் கூடாது. குடம் வையுங்கள், டம்ளர் வையுங்கள். காந்திபுரத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் ஆட்டம் முடிகிற நேரத்துக்குக் கூடுதல் பேருந்து கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் பொறித்த சட்டை பையனுக்கு இரண்டு வருடமாவது வரட்டும்.

ரசிகர்களே, நீங்கள் தப்பிக்க முடியாது. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புள்ளாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கும், அதன் அருகே நெய்மருக்கும் ராட்சதக் கட்அவுட் வைத்ததைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். அதே கோப்பையில் கத்தாரில் ஜப்பான் ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் பையை எடுத்துக் குப்பை பொறுக்கியதையும் பார்த்தோம். இரண்டும் அன்புதான். எந்த அன்பை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கப் போகிறோம்? நாயகன் மேல் வைத்த அன்பு ஆற்றின் மேல் ஏன் இல்லை என்று அவர்கள் நாளை கேட்டால் என்ன சொல்வோம்?

ஒண்டிப்புதூரில் பெரிய கிரிக்கெட் மைதானம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கிரிக்கெட்டானாலும் கால்பந்தானாலும் தண்ணீர் ஒன்றுதான், வெள்ளலூர் ஒன்றுதான். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய மாநிலம் இது. கூரையில் விழும் மழை எந்தத் தொட்டிக்குப் போகும், கூரைமேல் சூரியத் தகடு எத்தனை, ஆட்டத்தன்று சேரும் குப்பையை யார் பிரிப்பார்கள் என்று வரைபடத்திலேயே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் செலவு என்பார்கள், அடுத்த ஆண்டு என்பார்கள்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கும். அதற்குள் ஒவ்வொரு டர்ஃபின் வடிகால் வாயிலும் வலைப்பெட்டி இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் ஆடப் போகும்போது கூடவே போங்கள். உரிமையாளரை மரியாதையாகக் கூப்பிட்டு, தண்ணீர் வெளியேறும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வலை இல்லையென்றால் எப்போது போடுவீர்கள் என்று தேதி கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தத் தேதியில் மறுபடியும் போய் நில்லுங்கள்.