பிறர் மகவைப் பேணுவோர்



குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நோக்குவோர்க்கு நயினாதீவு நாகபூஷணி அம்பாள் திருக்கோயிற் கோபுரம் கடலுக்கப்பாற் கண்ணுக்கெட்டுந் தூரத்தே தோன்றும். மணிமேகலைக் காப்பியங் கூறும் மணிபல்லவம் அத்தீவே என அறிஞர் பலர் கொள்வர், மறுப்போரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. அக்காப்பியத்து ஆபுத்திரன் கதையை மாத்திரம் யாம் இன்று எடுத்துக்கொள்கின்றோம். புத்த சமயச் சார்புடைய நூலைச் சைவப் பத்திரிகையில் எடுத்தாளுதல் தகுமோ என வினவுவார் சிலர் இருப்பர். கைவிடப்பட்ட பிள்ளையின் துயரை அத்துணை நுணுகி நோக்கிய பழங்கதை தமிழிற் பிறிதொன்றை யாம் அறியோம் என்பதே அவர்க்கு எமது விடை.

கொற்கைக்கு அப்பால் இடையரிருக்கையை அடுத்த தோட்டம் ஒன்றிலே தாயால் விடப்பட்ட அக்குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அழுகுரல் கேட்டு அதனை எடுத்து, தன் மகனென்றே கொண்டு, வேதமும் ஓதுவித்து வளர்த்தான். இம்மட்டும் அவன் செய்தது பெருஞ் செயலே. வளர்ந்த பிள்ளை வேள்விக்கென்று கட்டியிருந்த பசு ஒன்றை மீட்டான். கொல்லாமையைப் போற்றும் நாம் அதனைக் குற்றமென்று கூறோம். வேள்வி செய்தோரோ சினந்து, அவனது பிறப்பை அவையிலே தூற்றினர். அப்பொழுது வளர்த்த தந்தையும் அவனைப் புறந்தள்ளினான். பெற்றவள் கைவிட்டதைப் பசு ஒன்று ஈடுசெய்தது. வளர்த்தவன் கைவிட்டதை ஈடுசெய்ய எவருமிலர். ஊரிலே பிச்சைக்குச் சென்றால் ஓட்டிற் கல்லிட்டனர்.

கதையின் பிற்பகுதி இன்னும் வியப்புடைத்து. மதுரையிலே தனக்குக் கிடைத்த அள்ளக் குறையாத அமுதசுரபியோடு, பஞ்சத்தால் வருந்திய சாவகநாட்டிற்குக் கப்பலேறிய ஆபுத்திரன், காற்றுக்காகக் கப்பல் தங்கிய மணிபல்லவத்திலே இறங்கினான். அவன் ஏறினானென்று எண்ணிக் கப்பல் இரவிற் போய்விட்டது. கையிலே குறையாத சோறு, உண்பாரில்லாத தீவு. பலருயிரைக் காக்கும் பாத்திரத்தால் தன்னுயிர் ஒன்றையே காத்துக்கொள்ள மனமின்றி, அதனைக் கோமுகி என்னும் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

சோறு இருந்தும் ஆள் இல்லாமை ஒன்று. வளர்த்த கை இடையிலே விட்டுவிடுதல் மற்றொன்று. இற்றைநாட் சிறுவர் இல்லங்களின் இடரெல்லாம் இவ்விரண்டனுள் அடங்கும் என்பது எமது துணிபு.

நம் தீவுப்பகுதியை நோக்குமின். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே பெண்களுங் குழந்தைகளுமாகப் பலர் வெட்டுண்டு மாண்டனர். 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து மக்கள் திரள்திரளாக வெளியேறினர். அவருட் பலர் மீளவில்லை. தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளைப் போர் நமக்குத் தந்தது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரோ வேறு வகையிற் பிள்ளைகள் வருகின்றனர். தந்தை கடலுக்குப் போய்த் திரும்பாமையாலும், தாய் குடும்பக் கடனைத் தீர்க்க மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றமையாலும், மறுமணத்தாலும், குடியினாலும் வருவோர் இவர். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருட் பெரும்பாலார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் உளர். ஆகவே அநாதை என்னுஞ் சொல் இவர்க்குப் பொருந்தாது. ஆசிரியர் இதனை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இவர்க்குச் சோறு குறைந்ததில்லை. கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர், தந்தையாரின் திதிக்கென்றும் பேரனின் பிறந்தநாளுக்கென்றும் ஒருவேளைச் சோற்றுக்குப் பணம் அனுப்புகின்றனர். அதனை யாம் இகழோம்; அன்னதானம் நம் நாட்டின் பழைய அறம். ஆயினும், இலையின் முன்னிருந்த பிள்ளைகளை எழுப்பி, வரிசையாக நிறுத்தி, கொடையாளர் பெயரெழுதிய பதாகையைப் பிடிக்கச்செய்து நிழற்படம் எடுக்குங் காட்சியை யாம் கண்டிருக்கின்றோம். சோறு ஆறிப்போகும், ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும். கட்டடத்திற்குப் பணங் கேட்டால் வரும். கல்வெட்டிற் பெயர் நிற்குமன்றோ? இரவிலே படுக்கையை நனைத்துவிட்டு நடுங்கும் பிள்ளையை எழுப்பிக் கழுவித் துணி மாற்றிப் படுக்கவைக்கும் பெண்ணின் சம்பளத்துக்கு ஐந்தாண்டுப் பணம் தாரும் என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி அரிதாகவே வரும். சம்பளம் போதாமையால் இல்லத்து வேலையை விட்டு, அப்பெண்ணும் பிறநாட்டிற் பிறர் குழந்தையை வளர்க்கப் போய்விடுதல் உண்டு. அவள் போனால் மற்றொருத்தி வருவாள். எந்தப் பிள்ளை தலையணையின் கீழே பாண்துண்டை ஒளித்துவைக்கும், எந்தப் பிள்ளை இடிமுழக்கத்திற்கு அஞ்சும் என்பன முதலியவற்றை அவள் புதிதாகக் கற்கவேண்டும். அவள் கற்குமுன் பிள்ளையோ எவரையும் நம்பாதிருக்கக் கற்றுக்கொள்கின்றது.

இஃது எம் கற்பனையன்று. ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் 1945ஆம் ஆண்டு இரு நிலையங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சிறைப்பட்ட தாய்மார் தம் குழந்தைகளைத் தாமே வளர்த்த நிலையம். மற்றொன்று உணவும் தூய்மையும் மருத்துவமும் செவ்வனே அமைந்த குழந்தையில்லம். ஆனால் அங்கே ஒரு தாதி எட்டுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்க்கவேண்டியிருந்தது. சிறையிற் குழந்தைகள் தளிர்த்தன. இல்லத்திலோ 91 குழந்தைகளுள் 34 இரண்டாண்டுக்குள் இறந்தன என்று அவர் மறு ஆண்டு எழுதினார். பின்னர் 2000ஆம் ஆண்டு தொடங்கி உருமேனியா நாட்டின் தலைநகரில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவருட் பாதிப்பேர் இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்ஙனம் மாற்றப்பட்டோர், சிறப்பாக இரண்டு வயதுக்கு முன் சென்றோர், அறிவிலும் மனநலத்திலும் மேம்பட்டனர். ஐக்கிய நாடுகள் சபை 2009ஆம் ஆண்டு ஏற்ற நெறிமுறைகளும், வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்தினின்றும் பிரித்தலாகாது என்கின்றன. ஆகவே பெற்ற குடும்பத்தைத் தாங்கி நிறுத்துதலே முதல் அறம். அது முடியாதவிடத்தே இல்லம். இல்லமென்றால் மாறாத சில முகங்கள் அங்கே இருத்தல் வேண்டும்.

நம் சமயத்திலே இதற்குக் காட்டில்லையோ எனின், நிரம்ப உண்டு. திருநாவலூரிலே தெருவில் விளையாடிய நம்பியாரூரரைக் கண்டு காதலித்து, அவர்தம் தந்தையார் சடையனாரிடங் கேட்டுப் பெற்று வளர்த்தவர் நரசிங்கமுனையரையர். பெற்றோர் உயிரோடிருக்கப் பிறர் மனையில் வளர்ந்த பிள்ளை சுந்தரமூர்த்தி சுவாமிகள். அரசன் அவரைத் தன்மகன் போல வளர்த்தானாயினும், அவரது குலவொழுக்கத்தை மாற்றவில்லை. மணப்பருவத்தே மணம் பேசியவர் சடையனாரே. வளர்ப்பவன் பெற்றவனை அழித்து அவ்விடத்தே தான் ஏறி அமர்தல் முறையன்று என்பதனை அரசன் அறிந்திருந்தான்.

இதனை ஓதுமிடத்து எம் இளமை நினைவுக்கு வருகின்றது. தீவிற் பிறந்த யாம் கிறித்தவக் கல்லூரி ஒன்றின் விடுதியிலே தங்கிப் பயின்றோம். விடுதியை மேற்பார்த்த அம்மையார் தம் சமயத்தில் உறுதியுடையவர். யாம் திருநீற்றுப் பையை மழையில் நனையவிட்ட நாளிலே, அவரே அதனை அடுப்பங்கரையில் உலர்த்தித் தந்து, "தாயார் வந்து கேட்டால் யான் என்ன சொல்வேன்?" என்றார். பிறசமயத்தார் இல்லங்களிற் சைவப்பிள்ளைகள் சேர்கின்றனர் என்று நம்மவர் முறையிடும்போதெல்லாம் அவ்வம்மையாரை நினைக்கின்றோம். சேர்ப்பதற்கு நம்மிடம் இடமில்லாமை அவர் குற்றமன்று. திருநெல்வேலிச் சீமையிலே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901ஆம் ஆண்டு தொடங்கிய இல்லம், கோயிலுக்கென்று விடப்பட்ட சிறுமியர்க்குப் புகலாகவே எழுந்தது. அவ்வம்மையாரின் மதமாற்றக் கொள்கை எமக்கு உடன்பாடன்று. அவ்வில்லம் வேண்டப்பட்டமைக்குக் காரணம் நம் கோயில் வழக்கம் என்பதனையோ மறுக்க முடியாது.

நம்மவர் வாளாவிருந்தனர் என்றுங் கூறற்க. 1923ஆம் ஆண்டு தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தை நடாத்திய இந்துபோட் இராசரத்தினம் அவர்கள், பாடசாலைகளோடு அமையாது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே ஆதரவற்ற பிள்ளைகட்கு இல்லமும், சைவாசிரியர்க்குக் கலாசாலையும் உண்டாக்கினார். ஆசிரியர்க்கும் இல்லப்பிள்ளைகட்கும் ஒருவரே காவலராயிருந்த காலம் அது. ஆசிரியையாயிருந்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 1982ஆம் ஆண்டு தெல்லிப்பழையிலே துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தொடங்கி, 2008ஆம் ஆண்டிற் சிவபதமடையும்வரை அதனை விட்டு நீங்கினாரல்லர். போர் சூழ்ந்த ஊரிலே கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே முகம்!

திலகவதியாரைச் சொல்லாது இப்பொருளை விடமுடியாது. தாயும் தந்தையும் இறந்து, மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரிலே பட, உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பி வாழவேண்டுமென்பதற்காகத் தம்முயிரைத் தாங்கினார். வளர்த்த தம்பியோ அவரை விட்டுப் பிறசமயம் புகுந்தார். அம்மையார் சினந்து ஓடவில்லை. திருவதிகையிலே இறைவன் பணிசெய்து அங்கேயே இருந்தார். சூலைநோயோடு நள்ளிரவில் மீண்ட தம்பிக்கு, தேடிவர ஓரிடமும், அங்கே ஓர் ஆளும் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டுச் செல்லும் பிள்ளைக்கும் இது வேண்டும். வேலை போனாலும், பொங்கல் நாள் வந்தாலும் அவன் எங்கே போவான்? வாயிலிலே தன் பெயரை அறிந்த ஒருவர் நில்லாராயின் அவனுக்கு அது வெறுங் கட்டடமே.

ஆதலாற் கொடையாளர்க்கு யாம் சொல்வது ஒன்றே: சோற்றுக்கு அனுப்பும் பணத்திற் பாதியை, பேணுவோர் சம்பளத்துக்கும், அவர் பயிற்சிக்கும், அவர் நோயுற்றால் மருந்துக்கும் என்று குறித்து அனுப்புங்கள். நன்னடத்தைத் திணைக்களத்து உத்தியோகத்தர் கணக்குக் கேட்க வந்தால் முகஞ்சுளிக்கவும் வேண்டா. 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச்சட்டம் முதலாக வந்த கண்காணிப்பெல்லாம் பிள்ளையின் காவலுக்கே. தருமத்தின் பெயராற் பூட்டிய கதவுக்குள்ளும் தீங்கு நிகழ்தல் கூடும்.

ஆசிரியர்க்கோ வேறு சொல்லவேண்டும். அதனை எம் குற்றத்தைக் கொண்டே சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன், யாம் கற்பித்த பாடசாலையிலே ஒரு மாணவன் தவணை அறிக்கையைக் கொண்டுவந்தான். தந்தை கையொப்பமிடும் இடத்தில் ஒரு பெண்ணின் கையொப்பம் இருந்தது. யாம் அவசரத்திலே, வகுப்பின் முன், "தகப்பன் எங்கே?" என்று உரத்து வினவினோம். பிள்ளைகள் சிரித்தனர். ஒருவன், "அவன் இல்லத்துப் பொடியன் சேர்" என்றான். இளம்பூதியின் அவையிலே நிகழ்ந்தது எம் வகுப்பறையிலும் நிகழ்ந்தது. மூன்று நாள் அச்சிறுவன் வரவில்லை.

நான்காம் நாள் இல்லத்து அம்மையார் அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சமையற் புகை மணக்குஞ் சேலை, காலிற் புழுதி. எம்மைக் கடிந்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. "ஐயா, இவனை நாலு வயசிலையிருந்து நான்தான் பாக்கிறன். கையொப்பம் ஆர் வைக்கிறது எண்டு சொன்னால் அப்பிடியே செய்யிறன்" என்றார். யாம் அவரை இருக்கச்செய்து, பேனாவை எடுத்து, அறிக்கையிலே அச்சிட்டிருந்த 'தந்தை' என்னுஞ் சொல்லை அடித்து, மேலே 'பாதுகாவலர்' என்று எழுதினோம். அம்மையார் அதன் நேரே தம் பெயரை எழுத்தெழுத்தாக, முழுவதும் எழுதினார். சிறுவன் அறிக்கையை வாங்கி, மை உலரும்வரை இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.