முதல் ஊதியமும் வாழ்நாள் ஈட்டமும்

மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறான். அவற்றுள் அவன் மனத்தை மிகவும் அலைக்கழிப்பது, பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் திண்ணையில் தனித்திருந்து போடும் கணக்கு. முதன்முதலாக வேலையில் அமர்ந்த நாள் எது, அன்று பெற்ற சம்பளம் எவ்வளவு, அன்று முதல் கைக்கு வந்தது எவ்வளவு, அதில் எஞ்சி நிற்பது எவ்வளவு என்று எண்ணுகிறான். வந்தது பெருந்தொகையாகத் தோன்றும். நின்றது சிறு தொகையாகவே இருக்கும். 'இவ்வளவும் எங்கே போயிற்று?' என்ற ஏக்கம் அப்போது எழும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தொகையை மட்டும் எவரும் மறப்பதில்லை. அது முதல் மாதச் சம்பளம். அதைப் பெருமாள் திருவடியில் வைத்து எடுத்ததும், தாயின் கையில் கொடுத்ததும், அத்தாய் கண்களில் ஒற்றிக்கொண்டு திரும்பக் கொடுத்ததும் முதுமையிலும் நினைவில் நிற்கும். பின்னாளில் வந்த பெரிய சம்பளங்கள் எந்த மாதத்தில் வந்தன, எப்படிச் செலவாயின என்று கேட்டால் விடை வராது. கொடுத்தது நினைவில் நிற்கிறது. வைத்துக்கொண்டது மறந்து போகிறது.

அப்படியாயின், வாழ்நாள் ஈட்டம் என்று எதைச் சொல்வது? கைக்கு வந்ததையா, கையில் நின்றதையா, கையிலிருந்து சென்றதையா? கணக்கையே உயிராகக் கொண்டு வாழ்ந்த ஒரு வைணவக் குடும்பத்தவரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தேட உதவும்.

முப்பது ரூபாய்க் கணக்கர்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரிப் பட்டம் பெறாமலே நின்றார். 1909இல் திருமணம் நடந்தது. கையில் வேலை இல்லை. கணிதக் குறிப்பேடுகள் மட்டுமே இருந்தன.

அக்காலத்தில் நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ், அவருடைய திறமையை உணர்ந்து மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து உதவினார். வேறொருவராயின் அந்த உதவியிலேயே காலம் கழித்திருப்பர். ராமானுஜனோ எவருக்கும் நெடுநாள் சுமையாக இருக்க விரும்பவில்லை. ஆதலால் வேலை தேடினார். 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

உலகம் அவரை அறிந்தபின் பலர் அந்த 30 ரூபாயைக் குறித்து இரங்கினர். ஆயின் உதவியாக வந்த 25 ரூபாய்க்கும் உழைத்துப் பெற்ற 30 ரூபாய்க்கும் இடையே உள்ள வேறுபாடு ஐந்து ரூபாய் மட்டும் அன்று. முன்னது அன்பினால் வந்தது, அதில் குறையில்லை. பின்னது அவருடைய கையினால் வந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தொடக்கத்தில், ஆண்டுக்கு இருபது பவுண்டு மட்டுமே ஊதியம் பெறும் துறைமுக அலுவலக எழுத்தர் என்றே அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். சிறிய வேலையை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவ்வேலையில் அவர் ஏறத்தாழ 14 மாதங்களே இருந்தார். முதல் வேலையின் மொத்த ஈட்டம் சுமார் 420 ரூபாய். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

போதும் என்ற சொல்

1918ஆம் ஆண்டு அவருக்கு ஏற்றம் மிக்க ஆண்டு. ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ என்னும் தகுதியும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு அளிப்பதாக அறிவித்தது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் மாதம் 30 ரூபாய் பெற்றவருக்கு இது எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உடல் நோயுற்றிருந்தது, அயல்நாட்டுக் குளிரில் மருத்துவமனைகளில் காலம் கழிந்துகொண்டிருந்தது. நோயுற்றவன் பொருளை இறுகப் பற்றிக்கொள்வதே உலக இயல்பு.

1919 ஜனவரி 11ஆம் நாள் அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றி கூறியபின், தமக்குக் கிடைக்கவிருக்கும் தொகை தம் தேவையைவிட மிகுதியானது என்று தெரிவித்தார். ஆண்டுக்கு 50 பவுண்டு தம் பெற்றோருக்குச் சேர வேண்டும். தம்முடைய இன்றியமையாத செலவுகள் போக எஞ்சுவது கல்விப் பணிக்குப் பயன்பட வேண்டும். குறிப்பாக ஏழைச் சிறுவர்கள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும் புத்தகங்கள் வழங்குவதற்கும் அது உதவ வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து.

முடிவிலியைக் குறித்து ஆராய்ந்த அறிஞர் தம் தேவைக்கு ஒரு முடிவு கண்டார். பொருளுக்கு எல்லை வகுப்பவன் பொருளின் தலைவன். எல்லை வகுக்க அறியாதவன் அதன் ஏவலாள்.

ஓர் ஐயம்

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது; அதனை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் நேர்மையாகாது. ராமானுஜன் 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் பரமபதித்தார். அவர் விட்டுச் சென்ற மனைவி ஜானகி அம்மாளுக்கு அப்போது வயது இருபத்தொன்று. குழந்தைகள் இல்லை. பல்கலைக்கழகம் அளித்த உபகாரச் சம்பளம் மாதம் 20 ரூபாய். தையற்கலை பயின்று, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் பிறருக்கு அதனைக் கற்பித்தும் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார்.

பெற்றோருக்கு வகை செய்த அக்கடிதத்தில் மனைவிக்கெனத் தனியே தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. தாமே உடனிருந்து காக்கப் போகிறோம் என்று எண்ணிய கணவருக்கு அது தேவையெனத் தோன்றாதிருந்திருக்கலாம். ஆயினும் கேள்வி நிற்கிறது: 'எனக்குப் போதும்' என்று ஒருவன் சொல்லும்போது, அவனை நம்பி வாழ்வோருக்கும் போதும் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா?

குருபரம்பரை நூல்கள் கூறும் கூரத்தாழ்வான் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. பெருஞ்செல்வரான ஆழ்வான் அனைத்தையும் துறந்து, எம்பெருமானாரை நாடித் தம் தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் தேவியார் அஞ்சினார். மடியில் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்காகக் கொணர்ந்த பொன்வட்டில் ஒன்று வெளிப்பட்டது. அதனை ஆழ்வான் வாங்கி எறிந்தார். இவ்வரலாற்றை ஆழ்வானின் வைராக்கியத்திற்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். தேவியார் அவ்வட்டிலைத் தமக்காக எடுத்து வரவில்லை, கணவரின் தேவைக்காகவே எடுத்து வந்தார் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆழ்வான் பொருளை விட்டார், துணையை விடவில்லை. இருவரும் சேர்ந்தே வெறுங்கையராயினர். இல்லறத்தார் செய்யும் துறவிற்கு இந்த உடன்பாடே இலக்கணம். ஒருவர் துறக்க மற்றவர் சுமப்பது முழுமையான அறமாகாது.

தையற்பொறி காட்டிய விடை

ஜானகி அம்மாளின் வரலாறு குறையோடு முடிந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய தோழி ஒருவர் இறந்துபோக, தாயை இழந்த அவருடைய சிறுவனை அம்மையார் தம் இல்லத்தில் ஏற்று வளர்த்தார். கல்லூரி வரை படிக்க வைத்தார். அவர் நல்ல வேலையில் அமர்ந்தார். அம்மையாரின் முதுமையில் உடனிருந்து பேணினார். 1994ஆம் ஆண்டு, தொண்ணூற்றைந்து வயதில், அம்மையார் மறைந்தார்.

கணவர் தம் கடிதத்தில் விரும்பியது என்ன? ஆதரவற்ற சிறுவர்களின் கல்வி. எஞ்சும் பொருளால் நடைபெற வேண்டுமென்று அவர் நினைத்த அறம், எஞ்சும் பொருளே இல்லாத கையினால் நடைபெற்றது. பவுண்டுக் கணக்கில் எழுதிய விருப்பம் தையற்பொறியின் முன் அமர்ந்து ஈட்டிய காசினால் ஒரு வீட்டிலேனும் நிறைவேறியது. தமக்கு நேர்ந்த வறுமையைக் காரணமாகக் காட்டிக் கதவைச் சாத்திக்கொள்ள அம்மையாருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் சாத்தவில்லை. கணவரின் அறத்தில் இருந்த குறையை மனைவி தம் வாழ்வால் நிரப்பினார் என்றே கொள்ள வேண்டும்.

திண்ணைக் கணக்கு

தனக்கென உடைமை கொண்டாடும் எண்ணத்தை மமகாரம் என்று பெரியோர் கூறுவர். உடைமை அனைத்தும் எம்பெருமானுக்கு உரியது. மனிதன் அதைச் சிறிது காலம் கையாளும் காரியஸ்தன் என்பது வைணவ சித்தாந்தம். காரியஸ்தனிடம் எசமானன் கேட்கும் கணக்கு 'உன்னிடம் எவ்வளவு மிஞ்சியது?' என்பதன்று. 'எப்படி வந்தது? யாருக்குச் சேர்ந்தது?' என்பதே.

ஆகவே ஓய்வு பெற்றவர் திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்க்கும்போது, கூட்டல் கழித்தலோடு சில வினாக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வந்த பொருள் நேர்வழியில் வந்ததா? எவரையும் சுமையாக்காமல் வந்ததா? 'போதும்' என்ற சொல்லை நாவால் ஒருநாளேனும் சொன்னதுண்டா? அதைச் சொன்னபோது இல்லத்தாரையும் கேட்டதுண்டா? கேட்காமல் போயிருந்தால், அதைச் சரிசெய்யக் காலம் இன்னும் இருக்கின்றது.

முதல் மாதச் சம்பளத்தைப் பெருமாள் திருவடியில் வைத்து, தாயின் கையில் கொடுத்த அந்த இளைஞனுக்கு விடை அன்றே தெரிந்திருந்தது. இடையில் வந்த பெரிய தொகைகள் அதனை மறைத்தன. கடைசி நாணயத்தையும் அந்த முதல் நாணயத்தைப் போலவே கையாளும் மனத்தை எம்பெருமான் அனைவருக்கும் அருள்வானாக.