சதங்கை கோத்த தஃப்

காரைக்கால் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப், அதாவது இமாம் ஷாஃபிஈயின் வழிவந்த சட்டநெறி, இசை பற்றிய கடினமான கேள்வியொன்றைச் சின்னஞ்சிறு உலோகத் தகடுகளை வைத்தே ஆராய்ந்தது. பக்கீர்கள் ஏந்தும் தாயிரா என்பது வட்டச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கைப்பறை. அரபியில் தஃப் எனப்படும் வகையைச் சேர்ந்த இதன் விளிம்பில் தகடுகள் கோக்கப்படும்போது, விரல் தோலைத் தட்டி ஓய்ந்த பிறகும் அவை ஒரு கணம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். மணி கட்டிய பயணக் கூட்டத்துடன் வானவர்கள் வருவதில்லை என்னும் கருத்தில் நபிமொழி இருக்க, அந்தச் சிலிர்ப்பு இறைநினைவுக்குத் துணையா, உள்ளத்தைச் சிதறடிப்பதா? 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவீ தம் ‘மின்ஹாஜ்’ நூலில், சதங்கையாக இத்தகடுகள் கோத்திருந்தாலும் தஃப் ஆகுமானதே என்று தீர்ப்பளித்தார். ஓசையையே குற்றமாக்காத அத்தீர்ப்பு அருமையானது.

பக்கத்து ஊரான நாகூரின் இ.எம்.ஹனிஃபா (1925–2015) இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் பாடிய பக்திப் பாடல்கள் அக்கேள்வியை மேலும் நுட்பமாக்கின. ஏனெனில், பதிவில் தட்டும் கையும் சூழ்ந்திருந்த கூட்டமும் மறைந்து ஓசை மட்டுமே மிஞ்சுகிறது, ஆயினும் கேட்பவர் கண் கலங்குவது நிற்கவில்லை. உள்ளத்தைத் தொடுவது கருவி அன்று, அதை ஏற்கும் மனநிலையே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

காரைக்காலின் சைவத்துக்கும் உலோக ஓசையோடு கலந்த பக்தி புதிதன்று: சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் கைகளில் இருப்பது தாளம்.