சுவைத்து உமிழ்ந்தால் குற்றமா?

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் தங்கை மகன் குடும்பத்தோடு கோடைக்கானலில் ஐந்து நாள்கள் தங்கியிருந்தேன். அவன் பிரான்சு நாட்டில் திஜோன் நகரில் பணிபுரிபவன். அவனுடைய அலுவலக நண்பரான பிரெஞ்சுக்காரர் ஒருவரும் அவர் துணைவியாரும் நம் நாட்டைக் காண வந்து, அதே விடுதியில் இருந்தனர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை அவர்கள் தம் ஊரிலிருந்து கொணர்ந்த இரண்டு புட்டிகளை மேசைமேல் வைத்தனர். பர்கண்டிப் பகுதியின் சிவப்புத் திராட்சை மது. ஒன்று 1990ஆம் ஆண்டினது. மற்றது 1999ஆம் ஆண்டினது. வண்டல் அடியில் படிவதற்காக முதல் நாளே அவற்றை நிமிர்த்தி வைத்திருந்தார்களாம்.

பொழுது சாயுமுன் என் உணவு முடிந்துவிட்டது. குடித்து இரைச்சலிடுவார்கள் என எண்ணி எழ முனைந்தேன். நடந்ததோ வேறு. கிண்ணத்தில் இரு விரற்கடை அளவே ஊற்றினர். வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்தனர், நெடுநேரம் முகர்ந்தனர், ஒரு வாய் கொண்டு நாவில் புரட்டிப் படிக்கம் போன்றதொரு கலத்தில் உமிழ்ந்தனர். பிறகு தாம் உணர்ந்ததை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். மழை விட்ட காட்டில் கிடக்கும் சருகின் மணம் என்றார் அவர். காளான் மணம் என்றார் அம்மையார். இளமையில் பழமணம் மிகுந்திருக்கும் மது, ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தகைய மணங்களைப் பெறும் என்றும், நிறமும் கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும் என்றும் மருமகன் எனக்கு விளக்கினான். பின்னர் அவன் கையிலும் ஒரு கிண்ணம் தரப்பட்டது.

"மாமா, அறிவு மயங்கக் கூடாது என்பதுதானே விலக்கின் கருத்து? விழுங்காமல் சுவைத்து உமிழ்ந்தால் என்ன குற்றம்?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதான அவன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம் குலத்தில் இல்லாத வழக்கம்" என்று கூறி எழுந்து போய்விட்டேன். அது விடை ஆகாது. குலத்தின் பெயரால் வாயை அடைப்பது பெரியவர்களுக்கு எளிது. கேட்டவனுக்கு ஐயம் அப்படியே நிற்கும்.

பர்கண்டியில் திராட்சைத் தோட்டங்களைப் பேணி வளர்த்தவர்களுள் துறவியரும் உண்டு. 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவியர், வூஜோ என்னும் இடத்தில் மதிலெழுப்பிக் காத்த தோட்டம் இன்றும் உள்ளது. அவர்கள் பின்பற்றிய பெனடிக்டு முனிவரின் ஒழுக்கநூல் நாற்கால் விலங்கின் ஊனை நலமுள்ளோர்க்கு விலக்கியது. மதுவையோ நாளொன்றுக்கு ஓர் அளவு என வரையறுத்து இசைந்தது. அவர்கள் அஞ்சியது வெறியை. ஆகவே அளவு போதுமானதாயிற்று. மருமகனின் கேள்வியும் அந்த மரபுக்கே பொருந்துவது.

நம் ஆசாரியர்களும் மயக்கத்தைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அதனோடு நிற்கவில்லை. சமந்தபத்திரர் இல்லறத்தாருக்குரிய மூலகுணங்கள் எட்டினுள் ஐந்து அணுவிரதங்களோடு மது, ஊன், தேன் மூன்றையும் நீக்குதலைச் சேர்த்தார். மது பல உயிர்கள் தோன்றும் இடம். அதனைக் கொள்வோன் அவற்றுக்குக் கேடு செய்கிறான் என்று புருஷார்த்த சித்யுபாயத்தில் அமிர்தசந்திரர் காரணம் காட்டினார். சாறு மதுவாவது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதைப் பர்கண்டிக்கு அண்டையிலுள்ள அர்புவா ஊரில் வளர்ந்த லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் சோதனையால் நிறுவினார். போதாக்குறைக்குச் சிவப்பு மதுவைத் தெளிவிக்க முட்டையின் வெண்கரு இடுவது அங்குப் பழைய வழக்கம். ஆகவே விழுங்கினாலும் உமிழ்ந்தாலும் நேர்ந்த உயிர்க்கேடு ஒன்றே. பயன் சிறிதும் கேடு பெரிதுமானவற்றை விடுக என்பது சமந்தபத்திரர் காட்டும் மற்றோர் அளவுகோல். உமிழ்பவனுக்குப் பயன் இன்னும் சிறிதாகிறது, கேடு குறையவில்லை.

இவ்விடையைக் கோத்துக்கொண்டு மறுநாள் காலை மருமகனிடம் போனேன். சிறுமி குறுக்கிட்டாள்: "அப்படியானால் இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிரால்தானே, தாத்தா?"

நல்ல கேள்வி. இரவு கடந்த மாவைத் தொடாத குடும்பங்கள் நம்மில் உண்டு. தொடுகின்ற குடும்பங்களே மிகுதி, என் வீடும் அவற்றுள் ஒன்று. தயிருக்கும் மாவுக்கும் காலவரம்பு வைத்தது இக்காரணத்தால்தான். நம் அடுக்களையில் நாழிகை ஏற ஏறப் பொருளின் தகுதி குறைகிறது. அவர்கள் நிலவறையில் ஆண்டு ஏற ஏற மதிப்புக் கூடுகிறது. இந்த வேறுபாட்டைச் சொன்னேன். ஆனால் என் வீட்டு மாவுப் பாத்திரம் அதனால் குற்றமற்றதாகிவிடாது என்பதையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். அன்று மேசையில் கம்பம் பன்னீர்த் திராட்சை இருந்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் வகை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை எல்லோரும் உண்டோம்.

அதற்குள் காப்பி வந்தது. டிகாக்ஷன் நீர்த்திருக்கிறது என்று ஒருமுறை திருப்பியனுப்பினேன். பால் அடிப்பிடித்த வாடை என்று மறுமுறை. பன்றிமலைக் காப்பிக்கும் ஏற்காட்டுக் காப்பிக்கும் மணத்தில் உள்ள வேற்றுமையைப் பத்து நிமிடம் விளக்கினேன். சிறுமி சிரித்துவிட்டாள். "நேற்று அவர்கள் பேசியது போலவே பேசுகிறீர்கள்!"

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், பற்றின்மை விரதம் நிலைபெற வேண்டிய பாவனைகளை உமாசுவாமி கூறுகிறார். ஐம்பொறிகளுக்கு இனியவற்றின்மேல் விருப்பையும், இன்னாதவற்றின்மேல் வெறுப்பையும் விடுதல் அவை. விருப்பை விடுவதை நாம் அடிக்கடி பேசுகிறோம். வெறுப்பு அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. முன்னாள் மாலை நான் எழுந்து போனபோது என் உள்ளத்தில் இருந்தது உயிரிரக்கம் அன்று, அருவருப்பு. இருபது, முப்பது ஆண்டுகள் காத்த பொருளைத் தனியே நுகராமல் அயல்நாட்டு நண்பனோடு பகிர வந்தவரை ஒரு சொல்லும் சொல்லாமல் அவமதித்தேன். மது தீண்டாதது என் நாவு. சுவையை வென்றதாக நான் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

திரும்பும் வழியில் பழனி மலைப்பாதையாக இறங்கி, ஊருக்கு மேற்கேயுள்ள ஐவர்மலைக்குச் சென்றோம். பாண்டவர் ஐவர் தங்கியதாக இன்று கதை சொல்லப்படும் அக்குன்றின் பழம்பெயர் திருவயிரை. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவையும் புதுப்பித்து, வழிபாட்டு அமுதுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் அமைத்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. நின்றபடி, நாளில் ஒரு முறை, கையில் இட்டதை உண்டவர் அந்த அடிகள்.

அங்கே பாறை நிழலில் மருமகன் சொன்னான்: "அன்று நீங்கள் போனதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன், மாமா. உங்களுக்கு அஞ்சித்தான்."

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நான் இங்கு எழுதியவற்றை, காப்பிக் கதை உள்பட, அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. பிப்ரவரியில் அந்நண்பர் வீட்டு விருந்து ஒன்று இருப்பதாக மட்டும் சொன்னான். சிறுமி பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.