வளைந்த முதுகை நிமிர்த்தியது எது?

அய்யா உண்டு

ஒருவனுடைய நடையையும் பேச்சையும் பார்த்து, "அது அவன் பிறவிக் குணம்" என்று சொல்லிவிடுவது உலக வழக்கம். "அந்தக் குடும்பமே அப்படித்தான்", "ரத்தத்தில் ஊறியது" என்றும் சொல்வார்கள். மனிதன் நடந்துகொள்ளும் விதம் உண்மையிலேயே பிறப்போடு வருவதா? அல்லது வீடும் ஊரும் கோயிலும் அரசும் சிறுவயது முதல் பழக்கிக் கொடுப்பதா? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அய்யா வைகுண்டர் அவதரித்த தென் திருவிதாங்கூரின் சரித்திரமே விடை சொல்லும்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி மக்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் பல. ஆண்கள் தலையில் துணி கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. குடை பிடிக்கவும், செருப்பு போடவும், பொன் நகை அணியவும் அனுமதி இல்லை. மேல்சாதியார் வந்தால் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று அளவும் உண்டு. பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்கூட உரிமை இல்லை. அய்யாவுக்குப் பெற்றோர் முதலில் இட்ட முடிசூடும் பெருமாள் என்ற பெயரை மேல்சாதியார் பொறுக்க மாட்டாமல் எதிர்த்ததால்தான் அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது.

இவற்றை நடத்திவைக்க ஒவ்வொரு வழியிலும் சேவகன் நிற்கவில்லை. பெற்ற தாயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். "பெரியவர் வருகிறார், ஒதுங்கு, குனி, துண்டை எடுத்துக் கக்கத்தில் வை" என்று அவள் சொன்னது, பிள்ளை அடிபட்டுவிடக் கூடாதே என்ற அன்பினால்தான். அந்த அன்பின் வழியாகவே அடிமைத்தனமும் பிள்ளைக்குள் போய்ச் சேர்ந்தது. வளர்ந்தபின் யாரும் சொல்லாமலே அவன் முதுகு வளைந்தது. பார்த்தவர்கள், "பணிந்து நிற்பது இவர்கள் பிறவிக் குணம்" என்றார்கள்.

மேல்வீட்டுப் பிள்ளையும் ஒரு பாடம் கற்றுக்கொண்டுதான் வளர்ந்தான். தலை நரைத்த கிழவர் தனக்காக வழியை விட்டுப் பள்ளத்தில் இறங்கி நிற்பதைத் தினமும் கண்டு, உலகம் இப்படித்தான் என்று நம்பினான். ஒருவன் அஞ்சப் பழகினான். மற்றவன் அஞ்சவைக்கப் பழகினான். இரண்டும் பிறவியில் வந்தவை அல்ல.

இதை அறிந்த அய்யா, அஞ்சாதே என்று வாயால் உபதேசித்ததோடு நிற்கவில்லை. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால்தான் போக்க முடியும் என்று, மக்களுக்குப் புதிய பழக்கங்களை ஏற்படுத்தித் தந்தார். தலைத்துணி மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டியே பதிக்குள் வரச் செய்தார். விலகி நில் என்று விரட்டப்பட்டவர்களின் நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றச் செய்தார். ஊர்க்கிணறு மறுக்கப்பட்டவர்களுக்கு, எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கும் முந்திரிக்கிணறு தந்தார். தலை குனிந்தே பழகியவன் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும்படி பள்ளியறையில் கண்ணாடி வைத்தார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்கள் 700 குடும்பத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கடற்கரையில் ஒன்றாகத் தங்கி, துணி துவைத்து, நீராடி, சைவ உணவு உண்டு, ஒரே ஒழுங்கில் வாழ்ந்தார்கள். ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்கள் வழிபாட்டோடு பிள்ளைகளுக்குக் கல்வி தரும் இடமாகவும் இருந்தன. இப்படி நாள் தவறாமல் பழகப் பழக, வளைந்த முதுகு நிமிர்ந்தது.

அய்யா வைகுண்டம் சென்ற 1851க்குப் பின், 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936இல். சட்டம் வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. தலைப்பாகை கட்டிய மக்களோ அதற்கெல்லாம் வெகு முன்பே நிமிர்ந்து நடக்கக் கற்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாம் பழக்கம்தான் என்றால், தீங்கு செய்கிறவன் மேல் குற்றமே இல்லையா? அவனையும் அப்படித்தானே வளர்த்தார்கள்? நியாயமான கேள்வி இது. வேறு வழியைக் கண்டறியாத பிள்ளைமேல் குற்றம் இல்லை. ஆனால் கண்டபின் அந்தச் சாக்கு செல்லாது. பதினெட்டுச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு, "எங்கள் வழக்கம் இது" என்று ஒருவன் சொன்னால், அது அறியாமை ஆகாது. அவனே தேர்ந்துகொண்ட வழி அது. பழக்கம் மனிதனை உருவாக்குகிறது என்பது பாதி உண்மை. அதை மாற்றிக்கொள்ளும் வல்லமையும் அவனுக்குள் இருக்கிறது என்பது மறுபாதி. அந்த வல்லமை இல்லையென்றால், அய்யா அழைத்தபோது அத்தனை பேர் எழுந்து வந்திருக்க முடியாது.

இந்த நியாயம் அன்றைய மேல்சாதியாருக்கு மட்டும் உரியதன்று. அன்புக்கொடி மக்களின் வீட்டுக்கும் இதுவே அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை தகப்பன் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. திங்கட்கிழமை தேங்காய் வெட்ட வந்த முதியவரைத் தகப்பன் "வா, போ" என்று கூப்பிடுவதையும், அவருக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்பதையும் அதே பிள்ளை பார்க்கிறது. தர்மம் வழங்கும் இடத்தில், காரில் வந்தவரை முன்னால் அழைத்துப்போவதையும், பழஞ்சேலை கட்டிய பாட்டி வரிசையின் கடைசியில் காத்து நிற்பதையும் பார்க்கிறது. இவற்றில் எதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்? காதால் கேட்ட உபதேசத்தைவிடக் கண்ணால் கண்ட நடத்தையே பிள்ளை மனதில் நிற்கும். சமத்துவத்தைக் காட்ட வந்த தலைப்பாகையும் அப்படிப்பட்ட வீட்டில் வெறும் துணியாகிப் போகும்.

ஆகவே பதியில் கற்பதும் வீட்டில் கற்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலைக்கு வரும் பெரியவரைப் பாட்டா என்றும் அண்ணாச்சி என்றும் கூப்பிடப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். வீட்டார் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்கும் தண்ணீரைப் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்ல வேண்டும். தர்மம் வழங்கும்போது வரிசையில் கடைசியாய் நிற்பவருக்கு முதலில் பரிமாற வைக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றாய் உட்கார்ந்து உண்ண வேண்டும். பத்து வயதுக்குள் இப்படிப் பழகிய பிள்ளையைப் பார்த்து, நாளை ஊரார், "இது அவன் பிறவிக் குணம்" என்று சொல்வார்கள். அப்படியே சொல்லட்டும்.

அய்யா உண்டு